மச்சான் வீட்டுத் தோல் சீட்டு

...இல்ல சார், நீங்க ஒக்காருங்க, நான் நின்னுக்கறன். எடம் இருக்குது, தெரியுது. மூணு பேரு ஒக்கார்ற சீட்டுல நீங்க ஒருத்தருதான் இருக்கீங்க. ஜன்னல் ஓரம் காத்து வேற ஜிலுஜிலுன்னு வருது. ஒக்கார ஆசையில்லாமயா சிதம்பரத்துலேந்து இந்தக் கம்பியப் புடிச்சி தொங்கிகிட்டு வர்றன்? ஒக்கார முடியல சார். அதான் விசயம்.

அய்யய்யே, மூலமெல்லாம் இல்ல! எல்லாரும் அதையே கேக்கறீங்க பாருங்க. கண்டக்டரு டிக்கெட்டு கிழிக்கறப்ப காதுகிட்ட குனிஞ்சி, வடலூர்ல ஒரு வைத்தியர் இருக்காரு பெரியவரேன்னு அட்ரஸ் சொல்றாரு. மெதுவா சொல்றதா அவுருக்கு நெனப்பு. பாதி பஸ்ஸுக்குக் கேட்டுப்போச்சு. அந்தப் பச்ச சேல கட்டுன அம்மா அப்பலேந்து என்னப் பாத்து உச்சு கொட்டிகிட்டே வருது.

எனக்கு வந்தது சீக்கு இல்ல சார், சீட்டு. சைக்கிள் சீட்டு. தோல் சீட்டு! பாத்திருக்கீங்களா நீங்க? ரெக்சினு இல்ல, அது வேற. இது அசல் மாட்டுத்தோலு. செருப்பு அடி மாதிரி தடிமன். சுத்திவர செம்பு ரிவிட்டு, அடியில சுருள் ஸ்பிரிங்கு. தொண்ணூத்தாறுல வாங்கனன், கடலூர் ஓல்டு டவுன்ல. சிப்காட்ல ஒரு கம்பெனில ஹெல்ப்பரா சேந்த புதுசு. தெனம் போக வர சைக்கிளு. மொத ஆறு மாசம் இருக்குதே... கருங்கல்லு சார். ஷிப்டு முடிஞ்சி எறங்கனா கால அகட்டி அகட்டிதான் நடப்பன். அப்பதான் கல்யாணம் வேற ஆயிருக்குது. மாமனார் வீட்ல பாத்துட்டு, மாப்ளைக்குக் காலு ஊனமாம்மான்னு எம் பொண்டாட்டியத் தனியாக் கூப்ட்டுக் கேட்டிருக்காங்க. இன்னிக்கு வரைக்கும் அவ அதச் சொல்லிச் சொல்லி சிரிப்பா.

ஆறு மாசம் கழிச்சி ஒரு நாள் காலைல ஏறி ஒக்காந்தன் பாருங்க... எதுவுமே தெர்ல! கீழ சீட்டு இருக்குதா, எவனாவது கழட்டிகிட்டுப் போயிட்டானான்னு கையால தடவிப் பாத்தன். சத்தியமா சார். நம்ம எலும்பு ரெண்டும் எங்க பதியுதோ அங்க பாத்து ரெண்டு பள்ளம். இட்லித் தட்டுல குழி இருக்கும் பாருங்க, அந்த மாதிரி. நான்தான் இட்லி. சிரிக்கறீங்க... சிரிங்க. பன்னெண்டு வருசம் ஓட்டனன் அத. நைட் ஷிப்டு, டபுள் டூட்டி, மழ, வெயிலு. மாசம் ஒரு தடவ வெளக்கெண்ணெய் தடவி, துணியால தொடச்சி, பளபளன்னு வெப்பன். விருத்தா சொல்லுவா... விருத்தாம்பாள், எம் பொண்டாட்டி... அந்த சீட்டுக்கு மாசாமாசம் எண்ண தேய்க்கற கை, எந்தலைக்கு தீவாளிக்காவது தேய்ச்சிருக்குதான்னு. வாய்தான். கேள்வி நாயம்தான், அது வேற.

அப்புறம் இன்னா ஆச்சு? எக்ஸெல் மொபெட்டு வாங்கனன். வண்டி வந்ததும் சைக்கிளு மாடிப்படிக்குக் கீழ போயிடுச்சி. இளவரசு வந்தான். இளவரசு யாருன்னா, விருத்தாவோட தம்பி. எம் மச்சான். புவனகிரில பால் சொசைட்டில இருக்கான். மாமா, சும்மாதான கெடக்குது, எனக்குக் குடுங்களேன்னான். எடுத்துட்டுப் போ மச்சான்னு சொன்னன். சொன்னன் சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா சைக்கிளுன்னுதான் சொன்னன். சீட்டுன்னு தனியா சொன்னனா? சொல்லலியே!

நீங்க அவன் கட்சி பேசறீங்க. கேளுங்க முழுசா.

தானே புயல்ல அவன் வீட்டு முருங்க மரம் சைக்கிள் மேல வுழுந்துடுச்சி. ரெண்டு நாளு மழையில கெடந்துது. ஃபிரேமு வளஞ்சி போச்சு. மாத்துனான். அப்புறம் ரெண்டு சக்கரமும் மாத்துனான். ஹேண்டில்பாரு, செயினு, பெடலு, மட்காடு, எல்லாம் மாத்திட்டான். இன்னிக்குத் தேதில அந்த சைக்கிள்ல நான் குடுத்தது எது? சீட்டு மட்டும்தான்! அதுக்கு ஒண்ணும் ஆவல சார். காய வச்சி, எண்ணயத் தடவி, மறுபடி ஏறிட்டான். அப்ப சைக்கிளு அவன்து, ஒத்துக்கறன். சீட்டு யாருது? சொல்லுங்க. இன்னா சார், ஜன்னலப் பாக்கறீங்க.

இத்தன வருசமா கேக்காம இப்ப ஏன் கேக்கறன்னு நெனப்பீங்க. சுகரு சார். முன்னூத்திப் பத்து. டாக்டரு நடங்க, இல்ல சைக்கிள் மிதிங்கன்னுட்டாரு. எம் பையன் செம்பியன் மெட்ராஸ்ல இருக்கான், பாசமா ஒரு கியர் சைக்கிளு அனுப்பிச்சான். அதுல ஒரு சீட்டு... கடவுளே! முன்னாடி கொக்கு மூக்கு மாதிரி. நடுவுல நீட்டுக்கு ஒரு ஓட்ட. ஓட்ட எதுக்குடான்னு போன்ல கேட்டன். காத்து போறதுக்குப்பான்றான். எந்தக் காத்துடா, எந்தப் பக்கம் போறதுக்குன்னு கேட்டன், போன வச்சிட்டான். மேல ஸ்பான்ஜ் கவரு போட்டன். மூணே வாரத்துல அமுங்கி அப்பளமாயிடுச்சி. இன்னொண்ணு போட்டன். அது பிஞ்சி உள்ள இருக்கற பசை பேன்ட்டுல ஒட்டிகிச்சி. நாலு கவரு சார் அஞ்சு மாசத்துல! அப்ப தோணுமா தோணாதா? இருபத்தெட்டு முப்பது வருசமா ஒரு தோலு அப்படியே நிக்குதேன்னு நெனப்பு வருமா வராதா?

பி.முட்லூரா இது? ம்... ஏறுங்கம்மா, ஏறுங்க, அங்க எடம் இருக்குது, நான் ஒக்காரலை. ஆமா, இஷ்டப்பட்டுதான் நிக்கறன்.

இன்னா சொன்னன்... ஆங். மச்சான் பேத்திக்குக் காது குத்துனாங்க, போன மாசக் கடைசில. நானும் விருத்தாவும் போனம். வாசல்ல சைக்கிளு ஸ்டாண்டு போட்டு நிக்குது. யாரும் பாக்காதப்ப ஏறி ரெண்டு நிமிசம் ஒக்காந்தன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. சாப்பாட்டுப் பந்தில எலய போட்டதுமே கேட்டுட்டன், மச்சான், சைக்கிள நீயே வச்சிக்க, சீட்ட மட்டும் கழட்டிக் குடுத்துருன்னு. அவன் வடையக் கடிச்சிகிட்டே சொல்றான், மாமா, குடுத்தத திருப்பிக் கேக்கறதுன்னு ஆரம்பிச்சா, நாங்களும் உங்களுக்கு ஒண்ணு குடுத்திருக்கோம், அதையும் திருப்பிக் கேக்கலாமான்னு.

புரியுதா? எம் பொண்டாட்டியச் சொல்றான்! பந்தியே சிரிக்குது. எனக்கு ரோசம் வந்துடுச்சி. வாய் சும்மா இருந்திருக்கலாம். எடுத்துக்கடா, சீட்ட குடுன்னுட்டன்.

...

ஆமா சார், சொன்னன். சாம்பார் வாளிய வச்சிகிட்டு விருத்தா பின்னாடியே நிக்கறா. எனக்கெப்டி தெரியும்?

எனக்கு சாம்பாரு ஊத்தாம அடுத்த எலைக்குப் போயிட்டா. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப, நீங்க போங்க, நான் எந்தம்பி வூட்லயே இருக்கன், எம் மதிப்பு ஒரு தோலு சீட்டுன்னு தெரிஞ்சிபோச்சேன்னா. வெளாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சன். பத்தொம்போது நாளு சார் இன்னியோட! நானே சமைச்சி நானே திங்கறன். ரசம் வச்சா காப்பி கலர்ல வருது. தெருவுல வேற, தில்லைநாதனுக்கும் அவன் மச்சானுக்கும் சீட்டுத் தகராறாம்னு ஒரு பேச்சு. பஞ்சாயத்து எலக்சன் சீட்டுன்னு நெனச்சிகிட்டு, எதுத்த வூட்டு பாலகுமாரு வந்து, அண்ணே, எந்தக் கட்சின்னு சொல்லுங்க, நம்ம பசங்க இருபது பேரு இருக்கானுங்கன்றான். அவனுக்கு நான் இன்னான்னு சொல்லுவன்?

இருங்க, போனு அடிக்குது. விருத்தாதான். ஒரு நிமிசம் சார், நீங்க இரும வேணாம்.

ஹலோ... ஆங், சொல்லு விருத்தா... வந்துகிட்டே இருக்கன்... பாலத்துகிட்ட... இல்ல, காத்து எதுக்குது, அதான் லேட்டு... அது லாரி! பின்னாடி ஹாரன் அடிக்கறான்... யாரு, யாரு டிக்கெட்டு டிக்கெட்டுன்றா? ரோட்டுல போறவன்... சரி சரி, ஓட்டிகிட்டே பேசக்கூடாது, வச்சிடறன்.

ஹப்பா.

அப்டி பாக்காதீங்க சார். பொய்தான். பெரிய கதையில ஒரு சின்ன பொய்யி. அவ இப்ப புவனகிரில நான் சைக்கிள்ல திரும்பி வருவன்னு வாசல்ல நிக்கறா. நான் கடலூர் பஸ்ஸுல உங்ககிட்ட பேசிகிட்டு இருக்கன். எப்டின்னா...

நேத்து அவளே போன் பண்ணா. ஒரு முடிவு பண்ணிடலாம், ரெண்டு பேரும் அந்த சைக்கிள்லயே புவனகிரிலேந்து சிதம்பரம் போய் திரும்பி வாங்க. ஒருத்தரு முடிச்சிட்டு வந்ததும் இன்னொருத்தரு. கோபுரம் தெரியற மாதிரி ஒரு போட்டோ புடிச்சி அனுப்பணும். யாரு எங்கியும் எறங்காம வந்து சேர்றாங்களோ அவுங்களுக்கு சீட்டு. தோத்தவரு அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. ரெண்டு பேரும் நேர்மையா நடந்துகிட்டா, யாரு செயிச்சாலும் சரி, நான் அன்னிக்கே வீட்டுக்கு வந்துடறன்னா. நேர்மையான்னு ரெண்டு தடவ சொன்னா. எதுக்கு ரெண்டு தடவன்னு எனக்குப் புரியல. அவளுக்கு என்னப் பத்தி ஒரு மாதிரியான அபிப்பிராயம்.

காலைல ஏழு மணிக்கெல்லாம் போயிட்டன். ஏறனன். வெள்ளாத்துப் பாலம் தாண்டறதுக்குள்ள உசுரு போச்சு சார்! எட்டு கிலோமீட்டரு... ஒவ்வொரு பள்ளத்துக்கும் மண்ட வரைக்கும் ஏறுது. கல்லு இல்ல, கல்லாவது கொஞ்சம் சமமா இருக்கும். பத்தாததுக்கு குழி வேற எடம் மாறிடுச்சி. எலும்பு தேடற எடத்துல குழி இல்ல, ஒரு வெரக்கட தள்ளி இருக்குது. பதினேழு வருசத்துல அது அவன் எலும்புக்குப் பழகிடுச்சி! என்ன மறந்தே போயிடுச்சி. நன்றி கெட்ட தோலு. கீழவீதில போட்டோ எடுத்தன் பாருங்க, இந்தாங்க... கோபுரத்துக்கு முன்னாடி நான். ஃபேமிலி குரூப்புல போட்டதும், சித்தப்பா ஏன் அழுவறாருன்னு ஒரு பொண்ணு கேக்குது.

பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு டீக்கடை செவுத்துல சைக்கிள சாத்தனன். நின்னுகிட்டே மூணு டீ குடிச்சன். திரும்ப ஏறணுமேன்னு நெனச்சி நாலாவதும் சொன்னன். கடலூர் பஸ்ஸு எதுக்க வந்து நின்னுது. காலு தானா ஏறிடுச்சி.

எதுங்க? பதினேழு வருசமா அவன் ஓட்டறானே, அவனுக்கு எப்டி வலிக்காம இருந்துதுன்னா கேக்கறீங்க?

...நல்ல கேள்விதான்.

நீங்க எந்த ஊரு சார்? மேல்பட்டாம்பாக்கமா? அப்ப புவனகிரில ஒறவு யாரும் இல்லல்ல? சரி. கொஞ்சம் குனியுங்க, கண்டக்டருக்குக் கேட்டா தமுக்கு அடிச்சிடுவாரு.

அந்த சீட்டுக்கு மூக்குக்கு அடியில ஒரு நட்டு உண்டு. தோலு தொஞ்சி தொங்கிப் போச்சின்னா அதுல அரச் சுத்து முறுக்கனா இழுத்துக்கும். வருசத்துக்கு ஒரு தடவ, அதுவும் அரச் சுத்து. ஜாஸ்தி பண்ணா மத்தளம்தான். காலைல நான் போனப்ப மச்சான் பல்லு வெளக்கிகிட்டு இருந்தான். சைக்கிளு வெளிய நின்னுது. எங்கிட்ட பையில ஸ்பேனரு இருந்துது...

தற்செயலா இல்ல சார். வூட்லேந்து கொண்டு போனதுதான்.

நாலு சுத்து. வெரலால தட்டிப் பாத்தன். டங்குன்னுது!

கணக்கு இன்னான்னா, மொதல்ல அவன் போவான். பாலம் தாண்டறதுக்குள்ள அலறிகிட்டு எறங்கிடுவான். தோத்துடுவான். அப்புறம் நான் நைசா நாலு சுத்து தளத்திட்டு, ராசா மாதிரி போய்ட்டு வருவன். எப்டி இருக்குது பிளானு? அவன் கையில இருக்கற பொருளு, அவன்தான மொதல்ல ஏறணும்? எவனா இருந்தாலும் அப்டித்தான நெனப்பான்?

அவன் பொண்டாட்டி பவானி, தாம்பாளத்துல ஆரத்தி கரைச்சி எடுத்துகிட்டு வருது! அண்ணே, வாங்க, கெழக்கப் பாத்து நில்லுங்கன்னுது. எதுக்கும்மா, உன் வூட்டுக்காரன் போவட்டும்னன். அய்யோ, வூட்டு மாப்ள நீங்க நிக்கறப்ப எங்க வூட்டு ஆம்பள முந்திகிட்டு ஏறுனா, ஊரு எங்களத்தான காறித் துப்பும்னுது. மச்சானும் சைக்கிளப் புடிச்சிகிட்டு, ஏறுங்க மாமா, உங்களுக்கு அப்புறம்தான் நான்றான். அவன் உண்மையாவே மரியாதைக்குத்தான் சொல்றான், அதான் கொடும! இந்த மரியாதைய நான் எப்டி மறந்தன்? கல்யாணம் ஆன நாளுலேந்து அந்த வூட்ல எனக்கு ஊத்தாம எவனுக்கும் காப்பி ஊத்துனதில்ல. மொத எல எனக்கு, மொத கறித்துண்டு எனக்கு. அது தெரிஞ்சும் நாலு சுத்து முறுக்கி வச்சன் பாருங்க...

நட்ட தளத்திட்டு வர்றன்னு அப்ப சொல்ல முடியுமா? நெத்தில பொட்டு வச்சாச்சு. தெருவே நிக்குது. விருத்தா வாசப்படில நின்னு சிரிச்ச முகமா பாக்கறா. பத்தொம்போது நாளு கழிச்சி சிரிக்கறா சார்! ஏறிட்டன்.

மறுபடி போனு. இந்த தடவ மச்சான்.

ஹலோ... ஆங், மச்சான்... நான்... ஆங்... டீக்கடக்காரன் சொல்லிட்டானா?... ஏறனத பாத்துட்டானா... இல்ல மச்சான், அவசரமா ஒரு வேல... நீங்க எங்க... தேடிகிட்டு மினி பஸ்ஸுல வந்தீங்களா? அக்காவுமா?... அவ மொதல்ல போன் பண்ணதே டீக்கடைலேந்தா?... சைக்கிள எடுத்துட்டீங்க... சரி... இப்ப எங்க? பாலத்து மேலயா? நெசமாவே பாலத்து மேலயா...

இன்னாது?

நல்லாருக்குதா? ...நல்லாருக்குதுன்னா? ...கொஞ்சம் இரு மச்சான், மறுபடி சொல்லு.

சார், இந்தக் கூத்தக் கேளுங்க. ரெண்டு வருசமா சீட்டு தொஞ்சி போயி ஸ்பிரிங்கு குத்திகிட்டு இருந்துதாம். அத எப்டி சரி பண்றதுன்னு அவனுக்குத் தெரியாதாம், நட்டு இருக்கறதே தெரியாதாம். இப்ப ஏறி ஒக்காந்தா புதுசு மாதிரி கிண்ணுனு நிக்குதாம். எட்டு கிலோமீட்டரு நான் ஒக்காந்து இழுத்ததுல பதமா வேற ஆயிடுச்சாம்! பின்னாடி கேரியர்ல அக்காவ ஒக்கார வச்சிகிட்டு டபுள்ஸ் அடிக்கறான், ஒரு வலியும் இல்லன்றான். இன்னும் இருவது வருசத்துக்குக் கவல இல்லன்றான்.

ஆங் மச்சான், லைன்லதான் இருக்கன்... யாருன்னா?... யாரு பண்ணாங்கன்னு தெரிஞ்சா மால போடுவியா? ...எந்த சைக்கிள் கடக்காரனும் பண்ணல, அவனுங்களுக்கு இன்னா தெரியும்? அரச் சுத்து எங்க நிறுத்தணும், நாலு சுத்து எப்ப குடுக்கணும்னு ஒரு கை பக்குவம் வேணும்... அதெல்லாம் தோலோட பழகுனவனுக்குத்தான் வரும்... நான்தான்! நான்தான் மச்சான் முறுக்கனன்! காலைல! நீ பல்லு வெளக்கிகிட்டு இருந்தியே, அப்ப! நீ இன்னா நெனச்ச உங்க மாமன...

...

மச்சான்? ...ஹலோ?

விருத்தாவா? ...ஸ்பீக்கர்லயா போட்டிருந்தீங்க?

இல்ல விருத்தா... காலைலன்னா... கேளு... ஆமா, ஏறதுக்கு முன்னாடிதான்... இல்ல, அவன் ஏறதுக்கு முன்னாடின்னு நெனச்சி... இல்ல இல்ல, அவன் ஏறணும்னு நெனச்சி இல்ல... ஸ்பேனரு... பையில... வூட்லேந்துதான்...

நேர்மையான்னு நீ ரெண்டு தடவ சொன்னதான். ஆமா. ஞாபகம் இருக்குது.

எதுக்கு சிரிக்கற? ...விருத்தா, சிரிக்கறியா அழுவறியா? பாலத்துல காத்து ஜாஸ்தி, ஒண்ணும் தெர்ல... அவனும் சிரிக்கறானா? ...சரி. ...சரி. ...சீட்டுக்கு எண்ண தேய்க்கணுமா... நான் தேய்க்கணுமா? அவன் சீட்டுக்கு நானா?... மாசாமாசமா?... சரி, தேய்க்கறன். அதுக்கு முன்னாடி யாருக்கு?... உனக்கா? ...இன்னிக்கேவா? ...நல்லெண்ண வாங்கிகிட்டு வர்றன். இருட்டறதுக்கு முன்னாடி வந்துடறன். வந்தா எங்கூட வீட்டுக்கு வந்துடுவல்ல? ...வச்சிட்டா.

சார், பாத்தீங்களா, வந்துடறன்னு சொல்லல, வரலன்னும் சொல்லல, ஆனா அந்த சிரிப்பு... சார்? எங்க எழுந்திரிக்கறீங்க? இது புதுச்சத்திரம், உங்களுக்கு கடலூர் டிக்கெட்டுதான? முன்னாடி அவ்ளோ கூட்டமா இருக்குது, அங்க போயி ஏன் நிக்கறீங்க? ...சரி, விடுங்க.

கண்டக்டரே! நிறுத்துங்க, நிறுத்துங்க! நான் எறங்கிக்கறன். சிதம்பரம் போற வண்டி எந்தப் பக்கம் நிக்கும்? ...வடலூர் இல்லங்க, வைத்தியருக்கு இல்ல! புவனகிரிக்கு! எம் பொண்டாட்டி தலைக்கு எண்ண தேய்க்கப் போறன்யா, வழிய வுடுங்க!